கோணல் கேக்

(இரவு மணி 11. சமையலறையில் விளக்கு எரியவில்லை. திறந்து கிடக்கும் ஃபிரிட்ஜின் வெளிச்சம் மட்டும். அதன் முன்னால் தம்பி. கையில் கத்தி, முகத்தில் சிற்பியின் கவனம். பின்னால் அக்கா வந்து நிற்கிறாள்.)

அக்கா: என்னடா நடக்கிறது இங்கே?

தம்பி: (கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்து) ஒன்றுமில்லையே. நீ ஏன் அக்கா இன்னும் தூங்கவில்லை?

அக்கா: தண்ணீர் குடிக்க வந்தேன். உன் மீசையில் என்ன அது?

தம்பி: நிழலாக இருக்கும்.

அக்கா: நிழலில் கிரீம் வாசனை வருகிறதே.

தம்பி: சரி, சொல்லிவிடுகிறேன். கேக்கின் இடது ஓரம் கோணலாக இருந்தது. நாளைக்கு நாலு பேர் வருகிறார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் கொஞ்சம் நேராக்கினேன்.

அக்கா: நேராக்கிய துண்டு எங்கே?

தம்பி: எதையும் வீணாக்கக் கூடாது என்று நீதானே சொல்வாய்.

அக்கா: எத்தனை தடவை நேராக்கினாய்?

தம்பி: இடது பக்கம் நேரானதும் வலது பக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைச் சரி செய்தேன். அப்புறம் பார்த்தால் இடது பக்கம் மறுபடியும்...

அக்கா: குரங்கு அப்பம் பங்கு போட்ட கதையில் இரண்டு பூனைகளாவது இருந்தன. இங்கே பூனையும் நீயே, குரங்கும் நீயே. அந்தக் கலோரி நோட்டை எடு.

தம்பி: நோட்டு எதற்கு இந்த நேரத்தில்?

அக்கா: ஒரு நாளைக்கு 1800 கலோரி என்று உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. இன்றைய பக்கத்தை வாசி பார்க்கலாம்.

தம்பி: (நோட்டைப் பிரித்து) காலை 420, மதியம் 610, மாலை ஒரு ஆப்பிள் 90, இரவு 560. மொத்தம் 1680. இன்னும் 120 பாக்கி! பார்த்தாயா, எவ்வளவு கட்டுப்பாடு!

அக்கா: கேக் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

தம்பி: நின்றுகொண்டு சாப்பிடுவதை யாராவது எழுதுவார்களா அக்கா? உட்கார்ந்து, தட்டு வைத்து, கரண்டி எடுத்தால்தான் சாப்பாடு.

அக்கா: நின்றால் வயிறு மூடிக்கொள்ளுமா? எவ்வளவு தின்றாய் என்று தோராயமாகவாவது சொல்.

தம்பி: தோராயம் எதற்கு? முதலில் 40 கிராம், அடுத்து 35, கடைசியாக 45.

அக்கா: தராசில் நிறுத்தாயா!

தம்பி: பழக்க தோஷம். நிறுத்துவிட்டேன், எழுதத்தான் மனம் வரவில்லை.

(தப்பு செய்யும்போதும் நிறுத்துச் செய்பவனை என்ன சொல்வது! அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.)

அக்கா: ஆக மொத்தம் 120 கிராம். பெட்டியில் 100 கிராமுக்கு 400 கலோரி என்று போட்டிருக்கிறது. 480. பாக்கி இருந்த 120ஐக் கழித்தாலும் 360 அதிகம்.

தம்பி: நாளைக்கு நடந்து தீர்த்துவிடுகிறேன்.

அக்கா: உன் எடைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி போகும். நீ நேராக்கிய கேக்குக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

தம்பி: அப்படியானால் கேக்கை விட்டுவிட்டு இனி ஐஸ்கிரீமுக்கு மாறிவிடுகிறேன். அதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது அக்கா. ஐஸ்கிரீம் குளிர்ச்சியானது. அதைச் சூடாக்க உடம்பு கலோரியைச் செலவழிக்க வேண்டும். தின்னத் தின்ன இளைக்கலாம்!

அக்கா: பள்ளியில் பாதிப் பாடத்தோடு தூங்கிவிட்டாய் போல. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவது சின்ன கலோரி. சாப்பாட்டுப் பொட்டலத்தில் கலோரி என்று போடுகிறார்களே, அது கிலோ கலோரி, ஆயிரம் மடங்கு பெரியது. 100 கிராம் ஐஸ்கிரீமில் சுமார் 200 இருக்கும். அதை உருக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர பத்துகூட ஆகாது.

தம்பி: மீதி 190?

அக்கா: இடுப்பில் குடியேறும்.

தம்பி: அப்படியானால் ஒரே வழிதான். நாளையிலிருந்து இனிப்பே கிடையாது. சாக்லேட், கேக், ஐஸ்கிரீம், எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு.

அக்கா: இந்தக் கும்பிடு எத்தனாவது?

தம்பி: இந்த மாதத்திலா?

அக்கா: நீ இப்படி விரதம் இருக்கும்போதெல்லாம் செல்பேசியில் என்ன பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி ஒரு மணிக்கு யாரோ ஏழு அடுக்குக் கேக்குக்கு கிரீம் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தம்பி: கைவேலைப்பாடு அக்கா. கலை ஆர்வம்.

அக்கா: அது பசி. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரை வயிற்றோடு வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். அதற்கு முன் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களெல்லாம் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

தம்பி: பாவம், அவர்களிடம் செல்பேசி இல்லை.

அக்கா: உன் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் 'கிடையவே கிடையாது' என்று ஒன்றைப் பூட்டி வைத்தால் மனம் பூட்டையேதான் சுற்றிச் சுற்றி வரும். அதைவிட மோசம், அது ஒரு நாள் உடையும்போது நீ செய்வது. போன வாரம் அந்தச் சாக்லேட் விஷயம் ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: ஒரே ஒரு துண்டுதானே!

அக்கா: 20 கிராம். 110 கலோரி. அதோடு நின்றிருந்தால் எறும்பு கடித்த மாதிரி போயிருக்கும். 'இன்றைக்குத்தான் கெட்டாயிற்றே' என்று அப்புறம் ஒரு பெரிய பொட்டலம் சிப்ஸ், அரை டப்பா ஐஸ்கிரீம்.

தம்பி: முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு அக்கா?

அக்கா: அதுதான் வியாதி! உளவியலாளர்கள் 1975இலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முதலில் சிலருக்கு மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் குறைத்துக்கொண்டார்கள். எடைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிலோ, குடிக்காமல் வந்தவர்களைவிடக் குடித்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள்.

தம்பி: நம்ம ஆட்கள்!

அக்கா: பெருமை வேறு. நீ முழுக்க நனையவே இல்லையடா. தலையில் ஒரு துளி விழுந்தது. நீயாகத்தான் ஆற்றில் குதித்தாய்.

தம்பி: ஆனால் மறுநாள் காலையில் எடை 1.3 கிலோ ஏறியிருந்ததே! அதைப் பார்த்த பிறகு எதற்கு டயட் என்று தோன்றாதா?

அக்கா: ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7700 கலோரி உபரியாக வேண்டும். 1.3 கிலோவுக்குப் பத்தாயிரம். ஒரே ராத்திரியில், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே, இரண்டரைக் கிலோ கேக் தின்றாயா?

தம்பி: (யோசித்து) கிடைத்தால் முயற்சி செய்திருப்பேன்.

அக்கா: ஏறியது பெரும்பாலும் தண்ணீர். சிப்ஸில் உப்பு, ஐஸ்கிரீமில் சர்க்கரை. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சர்க்கரையை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் மாதிரி தண்ணீரும் கூடவே தங்கும். வயிற்றில் இருந்த சாப்பாட்டின் எடை வேறு. ஓரிரு நாளில் தானாக இறங்கியிருக்கும். நீதான் காத்திருக்காமல் அடுத்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டாய்.

தம்பி: இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எடை மெஷினை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன். இறக்க நாற்காலி வேண்டும்.

அக்கா: அங்கேயே இருக்கட்டும். இப்போது நோட்டில் ஒரு புதுப் பக்கம் போடு. 1800ஐ ஏழால் பெருக்கு.

தம்பி: 12,600. ஆகா! பெரிய தொகையாக இருக்கிறதே. பணக்காரன் மாதிரி ஓர் உணர்வு.

அக்கா: முதல் தேதியில் எல்லோருக்கும் வரும் உணர்வுதான். அதில் பத்தில் ஒரு பங்கை ஆசைக்கு என்று ஒதுக்கு. 1260. மீதியில் காய்கறி, பருப்பு, முட்டை, பழம் என்று ஒழுங்கான சாப்பாடு. அந்த 1260ஐ எப்போது, எதில் செலவழிப்பது என்பது உன் இஷ்டம். ஆனால் தின்பதற்கு முன்னால் எழுத வேண்டும்.

தம்பி: பின்னால் எழுதினால் என்ன?

அக்கா: பின்னால் எழுதினால் அது வாக்குமூலம். முன்னால் எழுதினால் திட்டம். சனிக்கிழமை கேக், 250 என்று புதன்கிழமையே எழுதி வைத்துவிட்டால், வியாழக்கிழமை ஃபிரிட்ஜைப் பார்க்கும்போது 'கிடையாது' என்று தோன்றாது. 'சனிக்கிழமை' என்று தோன்றும்.

தம்பி: வியாழக்கிழமையே சனிக்கிழமை மாதிரி இருந்தால்?

அக்கா: நாளை மாற்றிக்கொள். ஆனால் அதே கேக்கை இரண்டு நாளிலும் எழுதிவிடாதே. சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடு. பசியோடு கத்தியைப் பிடித்தால் கை நீளும். தட்டில் வை, உட்கார், பெட்டியை ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடிவிட்டு வா.

தம்பி: சாப்பிடும்போது உன் பிரசங்கம் உண்டா?

அக்கா: கிடையாது. ஒன்று கவனித்தாயா, நீ இன்றைக்கு இருட்டில், கத்தி முனையில், திருடன் மாதிரி 480 கலோரி தின்றாய். ருசி எப்படி இருந்தது?

தம்பி: (நீண்ட யோசனைக்குப் பின்) மூன்றாவது துண்டின்போது உன் செருப்புச் சத்தம் கேட்டது. அதுதான் ஞாபகம் இருக்கிறது.

அக்கா: 480 கலோரிக்குச் செருப்புச் சத்தம்! அதே கேக்கில் 60 கிராமை வெளிச்சத்தில் உட்கார்ந்து தின்றிருந்தால் 240தான். ருசியும் நினைவிருக்கும். அதுவும் அந்த நடு அடுக்கில் இருக்கும் வறுத்த பாதாம் பல்லில் படும்போது... சரி, அதை விடு. இந்த வாரக் கணக்கில் 1260இல் 480 போக 780 பாக்கி. நாளைக்குப் பட்டினி கிடக்கிறேன் என்று கிளம்பாதே, ராத்திரி மறுபடி இங்கேதான் வந்து நிற்பாய்.

தம்பி: 780! இன்னும் மூன்று தடவை கேக் சாப்பிடலாம். அக்கா, நீ தெய்வம்.

அக்கா: தெய்வத்துக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. இரவுச் சாப்பாடு 560 என்று எழுதியிருக்கிறாயே, பொரியலுக்கு எண்ணெய் எவ்வளவு?

தம்பி: ஒரு சுற்று.

அக்கா: சுற்று என்பது எந்த ஊர் அளவு? ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. மாவும் சர்க்கரையும் புரதமும் 4தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120. நீ ஊற்றும் சுற்றில் இரண்டு கரண்டியாவது போகும். சாக்லேட்டுக்குக் கண்ணீர் விடுகிறாய், அதைவிட அதிகமாக எண்ணெய் உன் நோட்டைத் தாண்டிக் குதித்து உள்ளே போகிறது.

தம்பி: நான் பொய் எழுதவில்லை அக்கா, சத்தியமாக.

அக்கா: யாரும் பொய் எழுதுவதில்லை. 1992இல் ஓர் ஆய்வு வந்தது. 'நாங்கள் 1200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை குறையவே மாட்டேன் என்கிறது' என்று சொன்னவர்களை வைத்துச் செய்தது. நோட்டில் அவர்கள் எழுதியதைவிட உண்மையில் தின்றது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

தம்பி: எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்களா?

அக்கா: தண்ணீர் கொடுத்து. அடையாளம் வைத்த அணுக்கள் கலந்த தண்ணீர். அதைக் குடிக்க வைத்து, அது உடம்பிலிருந்து வெளியேறும் கணக்கைக் கொண்டு எவ்வளவு கலோரி எரிந்தது, எவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். வாய் பொய் சொல்லலாம், தண்ணீர் சொல்லாது.

தம்பி: பயங்கரமான தண்ணீராக இருக்கிறதே. சரி அக்கா, இனி எல்லாம் வெளிச்சத்தில். முதல் வேலையாக மிச்சக் கேக்கை நிறுத்து நோட்டில் ஏற்றிவிடுகிறேன், இருப்புக் கணக்கு.

அக்கா: (சட்டென்று) அது எதற்கு இப்போது? மணி என்ன ஆகிறது, போய்த் தூங்கு.

தம்பி: இல்லை அக்கா, திருந்துகிறவனைத் தடுக்கக் கூடாது. (தராசில் வைக்கிறான்.) 310 கிராம்.

அக்கா: சரி, 310 என்று எழுதிக்கொள். ஃபிரிட்ஜை மூடட்டுமா?

தம்பி: முழுக் கேக் 500. நான் நேராக்கியது 120. அப்படியானால் 380 இருக்க வேண்டும்.

அக்கா: தராசு பழையது.

தம்பி: 70 கிராம் குறைகிறது. அதாவது 280 கலோரி.

அக்கா: காய்ந்து எடை குறைந்திருக்கும். கேக்கில் ஈரம் இருக்கிறது இல்லையா...

தம்பி: அக்கா, நான் ஓரத்தை மட்டும்தான் சீவினேன். நடு அடுக்கில் வறுத்த பாதாம் இருப்பது எனக்கே தெரியாது.

(மௌனம். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமுகிறது.)

அக்கா: நாளைக்கு நாலு பேர் சாப்பிடப் போவது. ருசி பார்க்காமல் எப்படி வைப்பது?

தம்பி: நின்றுகொண்டா, உட்கார்ந்தா?

அக்கா: அதிகப் பிரசங்கம் செய்யாதே. நகர், நான் போகிறேன்.

தம்பி: (ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டியபடி) நில்லு அக்கா. தண்ணீர் குடிக்க வந்தேன் என்றாய், வந்து முக்கால் மணி நேரமாகிறது. இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே!