என்ன வேலை என்று எழுதுவது?

போன கிழமை அக்கா கோல் எடுத்தார். படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்க்கச் சம்பளத்துக்கு எங்கள் வீட்டில் இரண்டு வருடம் நின்றவர். "தம்பி, உங்கட வீட்டில வேலை செய்தனான் எண்டு ஒரு கடிதம் தருவீங்களோ? நைட்டாவில கேக்கினம்" என்றார். நைட்டா என்பது அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபை. என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழுக்காம். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி எடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. கையில் அந்தத் தாள் இருந்தால் கொழும்பில் கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் பேசலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சரி என்று அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். "இவர் எமது இல்லத்தில் ஆக..." முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆக என்ன? தாதி இல்லை. வேலைக்காரி என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு வருடமாக வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் நாங்கள் சொன்னது "அப்பாவோட நிக்கிற பிள்ளை" என்றுதான். அந்தப் பிள்ளைக்கு வயது 47, பேரப்பிள்ளை இருக்கிறது.

அதிலேதான் இந்தப் பதிவு தொடங்குகிறது. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் 11 நாள் வைத்திருந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்கள்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கோ, இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்; மூக்குக் குழாயால் சாப்பாடு கொடுக்கும்போது தலையை உயர்த்தி வையுங்கோ, கொடுத்து அரை மணித்தியாலம் போகும்வரை படுக்க விடாதேங்கோ. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்றால் ஒரு நாளைக்கு 12 தரம், அதில் நாலைந்து தரம் நடுச்சாமத்தில் என்று கணக்குப் பார்த்தது திருகோணமலை உவர்மலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாம் இரவுதான். நான் காலை எட்டு மணிக்குக் கந்தோரில் நிற்க வேண்டும், மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா, தங்கச்சி லண்டன். தங்கச்சி காசு அனுப்புவா. காசு ஆளைப் புரட்டிப் போடாது.

அக்கா மூதூர்ப் பக்கம் சம்பூர் ஆள். 2006இல் சண்டையில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் இருந்து, 2015க்குப் பிறகுதான் காணிக்குத் திரும்பியவர். முகாமில் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். வேலை பழகியது அங்கேதான். பிறகு கொழும்பில் ஒரு ஏஜென்சி மூலம் மூன்று வருடம். வந்த முதல் நாள் நான் அப்பாவை எழுப்பி இருத்த அந்த விழுந்த கையைப் பிடித்து இழுத்தேன். "தம்பி, கையை விடுங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டார். பாரிசவாதக்காரரின் அந்தத் தோளில் பல நேரம் தசைப் பிடிப்பு இருக்காது, கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடலாம். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, கால் இரண்டையும் முதலில் கட்டிலுக்கு வெளியே இறக்கி, பிறகுதான் ஆளை நிமிர்த்த வேண்டும். ஆஸ்பத்திரியில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக்கூடிய அட்டென்டன் ஒருவருக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் மனம் வராது.

இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ஒன்றுகூட. படுக்கையில் இருக்கிற ஒருவரைப் பார்த்த ஆட்களுக்குத் தெரியும் இது என்னவென்று. குதிக்காலில் ஒரு சிவப்பு வந்தாலே அக்கா கண்டுவிடுவார், அன்றைக்கே கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் படாமல் தூக்கி வைத்துவிடுவார். யூரின் பையைப் பார்த்து, "தம்பி, நிறம் சரியில்லை, டொக்டரிட்ட காட்டுவம்" என்று அவர் சொன்ன இரண்டு தரமும் கிருமித் தொற்று இருந்தது. பம்பர்ஸ் மாற்றும்போது கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, இப்ப மாத்தப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அப்பாவுக்குப் பேச்சு இல்லை. விளங்குதோ என்றும் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன்.

அக்கா கேட்டது மாதம் 50,000 ரூபா. நான் பேசிப் பேசி 40,000க்கு இறக்கினேன். இறக்கிவிட்டுக் கெட்டிக்காரன் மாதிரி மனைவியிடம் வந்து சொன்னேன். லீவு மாதத்தில் இரண்டு நாள். மிச்சம் 28 நாளும் இரவு பகல், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில். மணித்தியாலத்துக்குப் பிரித்துப் பாருங்கள், 60 ரூபா வராது. பால்தேத்தண்ணி ஒன்று குடிக்கப் போதாது. "இரவில நித்திரை கொள்ளுறாதானே" என்று நானும் சொன்னேன், நீங்களும் சொல்வீர்கள். நாலைந்து தரம் எழும்புகிற நித்திரைக்கு என்ன பெயர்?

எனக்குக் கந்தோரில் சேமலாப நிதி இருக்கிறது, மாதாமாதம் சம்பளத்தில் எட்டு சதவீதம் நான் போடுகிறேன், 12 சதவீதம் கந்தோர் போடுகிறது. அக்காவுக்கு ஒரு சம்பளச் சிட்டைகூட இல்லை. நாரிப்பிடிப்பு வந்து நிமிர முடியாமல் இருந்த நான்கு நாளுக்குக் காசு வெட்டவில்லை என்று பெருமைப்பட்டேன். அந்த நாரி எங்கள் அப்பாவைத் தூக்கித்தான் பிடித்தது.

சட்டமும் இவர்களை வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. 2025 ஏப்ரலில் அந்தச் சம்பளத்தை 27,000 ரூபாவாகக் கூட்டியது வீட்டுக்குள் நோயாளி பார்க்கிறவருக்கு ஒரு செய்தி மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில், 1871இல், வீட்டு வேலைக்காரரைப் பதிவுசெய்ய ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். அது அவர்களின் சம்பளத்துக்காக இல்லை. ஆள் யார், முந்தி எங்கே நின்றவர் என்று எசமானுக்குத் தெரிவதற்கு. நான் எழுத உட்கார்ந்த கடிதமும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான் என்று பிறகு யோசித்துச் சிரிப்பு வந்தது. வீட்டு வேலை செய்பவர்களுக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம், 2011இல் வந்தது, கிழமைக்கு ஒருக்காத் தொடர்ச்சியாக 24 மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. நான் கொடுத்தது மாதத்துக்கு இரண்டு நாள்.

இதே வேலைக்கு இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் எங்கள் ஆட்கள் போகிறார்கள். அங்கே போனால் அதற்குப் பெயர் கெயார்கிவர், ஒப்பந்தம் உண்டு, ஊரில் மரியாதையும் உண்டு. மகள் இஸ்ரேலில் கெயார்கிவர் என்று கல்யாண வீட்டில் சொல்லுவோம். அதே பிள்ளை மூதூரில் இருந்து பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து அதே வேலையைச் செய்தால் "ஆக்கள் வீட்டில நிக்கிறா".

"எங்களிட்டையும் அவ்வளவு காசு இல்லையே" என்பீர்கள். உண்மை. நடுத்தரக் குடும்பம் ஒன்று பம்பர்ஸ், மருந்து, பால்மா எல்லாம் வாங்கி, அதற்கு மேல் நியாயமான சம்பளமும் கொடுப்பது லேசான விஷயம் இல்லை. அரசாங்கம் கை கொடுக்காமல் இது முழுதாகத் தீராது, வீட்டுக்கு வந்து பார்க்கிற பயிற்சி பெற்ற ஆட்களைப் பிரதேச செயலகம் வழியாகவாவது கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் காசே தேவைப்படாத விஷயங்களையும் நான் செய்யவில்லையே. கிழமையில் இரண்டு இரவு நான் பாயில் படுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அவரை விட்டிருக்கலாம். பேசிய சம்பளத்தையும் லீவையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருக்கலாம்.

சொல்ல வெட்கமான ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்பா போன வைகாசியில் தவறினார். 31ஆம் நாள் நன்றி நவிலல் அடித்தோம். வைத்தியர்கள், தாதியர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள், பந்தல் போட்டவர்கள், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அக்கா இல்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாம். எழுதியது நான்தான், மூன்று தரம் பிழை பார்த்தவனும் நான்தான். அன்றைக்கு அக்கா குசினியில் சாப்பாடு பார்சல் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் கடிதத்தில் "நோயாளர் பராமரிப்பாளர்" என்று எழுதினேன். கீழே என்னென்ன வேலை செய்தார் என்று எழுதத் தொடங்கினால் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. குழாயால் உணவு கொடுத்தல், பக்கம் மாற்றுதல், கதீற்றர் பை பார்த்தல், கை கால் பயிற்சி, இரவு கண்விழித்தல். நேற்று வந்து வாங்கினார். வாசலில் நின்றபடியே கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக முழுவதையும் வாசித்தார்.

"தம்பி, குளிப்பாட்டினதை எழுதேல்லையே" என்றார்.

உள்ளே வரச் சொல்லி, இருக்க வைத்து, திரும்ப எழுதிக் கொடுத்தேன்.