மூன்று லீற்றர் தண்ணீர் சிறுநீரகத்தைக் கழுவுமா?

"காலையில் வெறும் வயிற்றில் மூன்று லீற்றர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும்" என்று திருகோணமலையில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பிழை.

சிறுநீரகம் அழுக்குப் படிந்த பானை இல்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையான நீர், உப்பு, குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சிவிட்டு, யூரியா போன்ற கழிவோடு ஒன்றிரண்டு லீற்றரைத்தான் வெளியே விடுகிறது. மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் வெளியேற்றுவது அதற்குக் கடினம். மிஞ்சும் தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

உப்புவெளி வெயிலில் வலை இழுப்பவருக்குத் தண்ணீர் நிறையத் தேவை, சரி; அதை இடையிடையே குடிக்கட்டும். சிறுநீரக நோயாளிகளோ, கிளினிக்கில் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. கால் வீக்கத்தோடு இருக்கும் என் மாமி, அந்தச் செய்தியை நம்பிப் போத்தலைத் தூக்கியபோது பதறிப்போனேன்.