பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி
மின்சாரப் பேருந்துகளை எப்போது சார்ஜ் செய்தால் செலவு குறையும் என்று ஆராய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவில் பணம் கேட்டால், மூன்று நாடுகளிலிருந்து குறைந்தது மூன்று அமைப்புகள் சேர வேண்டும். சரி, நியாயம்தான். ஆனால் மூன்றோடு யார் நிறுத்துகிறார்கள்? நகராட்சி, பேருந்து நிறுவனம், மென்பொருள்காரர் என்று கல்யாணப் பந்தி மாதிரி நீண்டுகொண்டே போகிறது.

அப்புறம் தொழில்நுட்பத் தயார்நிலை: வெறும் கருத்து என்றால் 1, நிஜப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் 9. டெப்போவில் பாதி ஓடுகிற நிரல் 5-ஆ, 6-ஆ என்று மதியம் முழுக்கச் சண்டை. விண்ணப்பம் பக்க வரம்பைத் தாண்டினால் மிச்சப் பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணிலேயே படாது. எழுத்தைச் சுருக்கி ஏமாற்றவும் வழியில்லை, 11 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரஸ்ஸல்ஸ் நேரம் 5 மணிக்கு விண்ணப்பக் கதவு மூடப்போகிறது. ஒரு கூட்டாளி மட்டும் நாலரைக்கு, "பட்ஜெட்டில் சின்னத் திருத்தம்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். சின்னதாம்! ஆள் செலவே மாறிக் கிடக்கிறது.

மதிப்பீட்டில் 15-க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் 13 எடுத்தாலும் பணம் நிச்சயமில்லை. முடிவு தெரிய ஐந்து மாதம்கூட ஆகலாம். அதற்குள் அந்த நகராட்சி பேருந்தை வாங்கி, தோன்றிய நேரத்தில் சார்ஜ் போட ஆரம்பித்திருக்கும்.