பாட்டுக்கு 8 ஜிபி ராம் எதற்கு?
வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுகளைச் சேர்த்து வைத்து ஃபோனில் கேட்க உதவும் பாட்டு சர்வரைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதற்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், பழைய கம்ப்யூட்டர் கரண்டைத் தின்றுவிடும் என்று அதில் சொல்லியிருப்பது பாதிதான் சரி. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பினால்தான் அவ்வளவு தேவை. பாட்டு மட்டும் என்றால் 2 ஜிபி உள்ள பழைய லேப்டாப்பில் டெபியன் (இலவச லினக்ஸ் இயங்குதளம்) போட்டு நேவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளை ஏற்றினாலே தாராளம், கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, அப்பா சேர்த்த நாகஸ்வர கேசட்டுகள் எல்லாம் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாக மாறி அதில்தான் இருக்கின்றன. கரண்ட் விஷயத்தில் டெஸ்க்டாப் என்றால் கட்டுரையாளர் பக்கம் நியாயம் உண்டு, ஆனால் திரையை அணைத்த லேப்டாப் சுமார் 15 வாட்தான், நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 22 யூனிட் வரும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் கேட்டிருந்தார்: லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே (உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள்), ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டால் போதும். அப்புறம், உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது, நேவிட்ரோம் ஃபோல்டர் பெயரை வைத்து அடுக்காது, ஃபைலுக்குள் இருக்கும் டேக்கை (பாட்டின் விவரக் குறிப்பை) வைத்துத்தான் அடுக்கும், ராகம், வாசித்தவர், இயற்றியவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து நிரப்பாவிட்டால் தோடியும் கல்யாணியும் பெயரில்லாமல் ஒரே குவியலாகக் கிடக்கும், அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.