முதல் தடவை மனை பாக்க வர்றதுக்கே ஏன் காசு வாங்குறேன்

வீடு கட்ட யோசனை கேட்டு வர்றவங்க கிட்ட முதல் தடவை மனை பாக்க போறதுக்கே 1500 ரூபா வாங்குறேன். கோவில்பட்டிக்குள்ளன்னா அவ்வளவுதான், விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் போகணும்னா வண்டிச் செலவு தனி. இத போன்லயே, கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன். இதுக்கு எங்க லைன்ல இருக்குற இன்ஜினியர் நண்பர்களே "ஏம்ப்பா வர்ற பார்ட்டிய விரட்டுற"ங்குறாங்க, சொந்தக்காரங்க "இடத்த பாக்குறதுக்குமா காசு"ங்குறாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஒரு மனைக்கு போய் நின்னா நான் என்ன பாக்குறேன்னு மொதல்ல சொல்லிர்றேன். நம்ம பக்கம் கரிசல் மண்ணு. மழை பேஞ்சா உப்பும், கோடையில காஞ்சு சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிப்பு விடும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண்ணு, ஆனா அது மேல சாதாரணமா நாலு அஞ்சு அடி வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டி கல்லு கட்டி வீட்ட தூக்குனீங்கன்னா வருசா வருசம் மண்ணு உப்பி சுருங்குறப்பல்லாம் வீடும் சேந்து அசையும். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு கெளம்பும், பூசி மறைப்பாங்க, அடுத்த கோடையில திரும்ப வரும். ஆழமான கரிசல்ல அண்டர் ரீம் பைல், அதாவது அடியில குமிழ் மாதிரி விரிஞ்ச கான்கிரீட் தூண் போட்டா குறைஞ்சது 3.5 மீட்டராவது இறக்கணும்னு ஐஎஸ் கோடு, அதாவது இந்தியத் தர விதி சொல்லுது. அதே ஊர்ல ரெண்டு தெரு தள்ளி சரளை மண்ணு அஞ்சடியிலயே கெடைக்கும், அங்க ஒவ்வொரு தூணுக்கும் அடியில கான்கிரீட் பாதம் போடுற சாதாரண காலம் ஃபூட்டிங் போதும். இந்த ரெண்டு மனைக்கும் கடக்கால் (அஸ்திவார) செலவுல லட்சக்கணக்குல வித்தியாசம் வரும். அத வீட்டுல உக்காந்து பிளான் வரைஞ்சு கண்டுபிடிக்க முடியாது. அங்க போகணும், பக்கத்து வீட்டுச் செவத்த பாக்கணும், காம்பவுண்ட் சாஞ்சிருக்கான்னு பாக்கணும், பக்கத்துல போர்வெல் போட்டவர் கிட்ட எத்தன அடியில பாறை வந்துச்சுன்னு கேக்கணும், ஒரு ஆள விட்டு குழி தோண்டி பாத்தா இன்னும் நல்லது, மாடி வீடுன்னா மண் பரிசோதனையே பண்ணணும்.

மண்ணு மட்டும் இல்ல. எஃப்எம்பி ஸ்கெட்ச்ச, அதாவது சர்வே ஆபீஸ் நில அளவு வரைபடத்த கையில வச்சு டேப் புடிச்சு அளந்தா பத்திரத்துல அஞ்சரை சென்ட்னு இருக்குறது தரையில அஞ்சேகால் தான் இருக்கும். பாதைன்னு காட்டுனது இன்னொருத்தரோட பட்டா நெலமா இருக்கும். மனைக்கு மேல 11 கேவி உயரழுத்த கரண்ட் லைன் போகும், அதுல இருந்து பக்கவாட்டுல 1.2 மீட்டர், உயரவாட்டுல 3.7 மீட்டர் விட்டுத்தான் கட்டணும், நீங்க ஆசப்பட்ட மாடி பால்கனி அங்கயே அடிபட்டு போயிரும். ரோட்டு மட்டம் எவ்வளவு, வாய்க்கா எந்தப் பக்கம் ஓடுது, அடுத்த தடவை ரோடு போட்டா இன்னும் எத்தன அங்குலம் ஏறும், அதுக்கு பேஸ்மட்டம் எவ்வளவு தூக்கணும்னு எல்லாம் யோசிக்கணும். இதெல்லாம் ஒரு அரை நாள் வேலை. சும்மா இடத்த வந்து பாத்துட்டு போறது இல்ல.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான விசயம். இந்த அரை நாள் வேலைய இலவசமா பண்ணுற இன்ஜினியருக்கு காசு எப்ப வரும்? நீங்க வீடு கட்டுனா மட்டும் தான் வரும். அப்ப அவர் வாயில இருந்து "இந்த மனை வேணாம்"ங்குற வார்த்தை வருமா? "இந்த பட்ஜெட்டுக்கு மாடி எடுக்காதீங்க, கீழ மட்டும் கட்டுங்க"ன்னு சொல்வாரா? "ரெண்டு வருசம் பொறுங்க, மொதல்ல அந்த பாதை பிரச்சனைய தீருங்க"ன்னு சொல்வாரா? நல்ல மனுசனா இருந்தா சொல்வாரு, எங்க தொழில்ல அப்படிப்பட்டவங்க நெறைய பேர் இருக்காங்க, அத நான் மறுக்கல. ஆனா நல்லத சொன்னா தனக்கு நட்டம்ங்குற எடத்துல ஒருத்தர நிறுத்தி வச்சிட்டு அவர் நல்லத சொல்வாருன்னு நம்பிக்கிட்டு இருக்குறது உங்க வாழ்நாள் சேமிப்புக்கு நல்லதில்ல. நான் 1500 வாங்கிட்டு வர்றப்ப என் வேலைக்கு கூலி அங்கயே முடிஞ்சிருது. நீங்க கட்டுனாலும் கட்டாட்டாலும் எனக்கு ஒண்ணு தான். அதனால தைரியமா வேணாம்னு சொல்ல முடியும், சொல்லியும் இருக்கேன். அப்படி சொல்லி வீடு கட்டாம போனவங்க, இன்னைக்கும் நெலம் வாங்குறதுக்கு முன்னாடி தன்னோட மச்சான், தம்பின்னு எல்லாரையும் அனுப்பி வைக்கிறாங்க.

"ஆனா இன்னாரு பிளானே ஃப்ரீயா போட்டு தர்றாராமே"ன்னு கேக்குறீங்க. ஃப்ரீயா தரத்தான் செய்வாங்க, ஏன்னா கட்டி குடுக்குற கான்ட்ராக்ட்டும் அவங்களே எடுக்குறாங்க. பிளான் காசு சதுரடி ரேட்டுக்குள்ள போயிரும். சதுரடிக்கு வெறும் 20 ரூபா கூட வச்சாலே 1500 சதுரடி வீட்டுக்கு 30,000 ரூபா ஆச்சு, பிளானுக்கு நீங்க தனியா குடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு தான் ஆகியிருக்கும். அது கூட பரவாயில்ல. டைல்ஸ் கடை, பெயிண்ட் கடை, கம்பி கடைன்னு எங்க பாத்தாலும் இன்ஜினியருக்கு ஒரு பங்கு ஒதுக்கி வச்சிருக்குற ஊரு இது. முன்பக்கம் காசு வாங்க வெக்கப்படுற தொழில் பின்பக்கம் வாங்க பழகிருது, அது யாரோ ஒருத்தர் கெட்டவர்ங்குறதால இல்ல, யோசனைக்கு விலையே இல்லன்னு நாம எல்லாரும் சேந்து முடிவு பண்ணதால. இன்னொண்ணு, இலவசமா வந்து பாத்துட்டு வேலை கெடைக்காம போன பத்து எடத்தோட பெட்ரோலும் நேரமும் எங்க போகும்? பதினொண்ணாவதா வேலை குடுத்தவர் தலையில தான் விழும். அவர் என்ன பாவம் பண்ணாரு.

காசு கையில இல்லாம யாரும் இந்த 1500க்கு யோசிக்கிறதில்ல, அது எனக்கு நல்லாவே தெரியும். 12 லட்சம் காட்டி மனை கிரயம் பண்ணா முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 ரூபா மறுபேச்சு இல்லாம கட்டுறோம். புரோக்கர் கமிஷன் அதுக்கு மேல. பத்திரம் எழுதுறவருக்கு குடுக்குறோம், பூமி பூஜைக்கு குடுக்குறோம். அந்த மனையில வீடு நிக்குமான்னு பாத்து சொல்றவருக்கு மட்டும் டீ வாங்கி குடுத்து அனுப்பணும்னு நெனைக்கிறோம். டாக்டர் கிட்ட போனா ஊசி போடாம மாத்திரை எழுதாம "ஒண்ணுமில்ல, வீட்டுக்கு போங்க"ன்னு சொன்னாலும் பீஸ் குடுத்துட்டு சந்தோசமா தான வர்றோம்.

இப்ப இது இன்னும் முக்கியம் ஆயிருச்சு. 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறை வந்துருச்சு, 2500 சதுரடி வரைக்கும் உள்ள மனையில 3500 சதுரடி வரைக்கும் வீடு, தரைதளமும் முதல் மாடியும், ஆன்லைன்ல விண்ணப்பிச்சு பணம் கட்டுனா உடனே அனுமதி வந்துரும். நல்ல திட்டம், மாசக்கணக்குல அலைஞ்சவங்களுக்கு தான் அதோட அருமை தெரியும். ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. முன்னாடி ஆபீஸ்ல ஒருத்தர் பாத்து "இங்க இடம் விடல, திருத்திட்டு வா"ன்னு சொல்வாரு. இப்ப எல்லாம் விதிப்படி சரியா இருக்குன்னு கையெழுத்து போடுறது நீங்க தான். 2019 கட்டட விதிகள்ல உங்க ரோட்டுக்கு, உங்க வீட்டு உயரத்துக்கு எவ்வளவு இடம் விடணும்னு பாக்காம, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புன 30க்கு 40 கிழக்கு பாத்த பிளான போட்டு அனுமதி வாங்கிட்டா பின்னாடி வர்ற பிரச்சனைக்கு பதில் சொல்ல வேண்டியதும் நீங்க தான். அளந்து பாத்து சொல்ல ஒருத்தர் வேணும், அவருக்கு கூலி வேணும்.

சரி, எல்லாத்துக்குமா காசு வாங்குறேன்? இல்ல. போன்ல ஒரு பத்து நிமிசம் பேசுறதுக்கு வாங்குறதில்ல. நான் கட்டுன வீட்ட பாக்கணும்னா கூட்டிட்டு போய் காட்டுவேன், அந்த வீட்டுக்காரங்க கிட்ட நான் இல்லாம தனியா பேசிக்கோங்கன்னு விட்டுட்டு வந்துருவேன். ஒரு ஆளோட வேலை எப்படின்னு தெரியாம காசு குடுக்க யோசிக்கிறது நியாயம், அந்த சந்தேகத்த தீக்குறது என் பொறுப்பு, அதுக்கு உங்க கிட்ட பணம் கேக்க கூடாது. பிளான் வேலைய என் கிட்டயே குடுத்தா அந்த 1500 பீஸ்ல கழிஞ்சிரும். குடுக்கலன்னாலும் மண்ணு எப்படி, அளவு எவ்வளவு, எத்தன அடி தோண்டணும், என்ன சிக்கல்னு ஒரு பக்கத்துல எழுதி குடுத்துருவேன், அத எந்த இன்ஜினியர் கிட்ட வேணாலும், எந்த மேஸ்திரி கிட்ட வேணாலும் கொண்டு போங்க. காசு வாங்கிட்டு வெறும் வாய் வார்த்தையா பேசிட்டு வர்றது தப்புன்னு தான் நான் சொல்வேன், காசு கேக்குறவங்க கிட்ட நீங்களும் எழுத்துல கேளுங்க. அரசோட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் வாங்கி கட்டுறவங்க கிட்ட வாங்குறதில்ல. செவுரு வெடிச்சு வயசானவங்க மட்டும் பயந்துட்டு இருக்குற வீடுன்னா போய் பாத்துட்டு வருவேன், அதுக்கும் இல்ல.

படிச்சு முடிச்சு இப்ப தான் போர்டு மாட்டிருக்குற தம்பி தங்கச்சிங்க "உங்களுக்கு பேரு இருக்கு சார், எங்களுக்கு யாரு குடுப்பா"ன்னு கேக்குறாங்க. 300 ரூபா, 500 ரூபான்னு ஆரம்பிங்க, ஆனா வாங்குங்க. ராத்திரி முழுக்க உக்காந்து மூணு ஆப்ஷன் போட்டு இலவசமா அனுப்பி, அந்த பிடிஎஃப் அடுத்த நாளே இன்னொருத்தர் கைக்கு போய், அவர் அதுல திசைய கூட மாத்தாம வானம் தோண்டுறத பாத்து மனசு விட்டுப்போய் தொழில விட்டே போன பிள்ளைங்கள எனக்கு தெரியும். நல்லா படிச்ச பிள்ளைங்க. அவங்க இன்னைக்கு இந்த ஊர்ல இருந்திருந்தா எத்தனையோ வீடு வெடிப்பு இல்லாம நின்னிருக்கும்.

வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. என்ன கூப்புடுறீங்களோ வேற யாரையாவது கூப்புடுறீங்களோ, கிரயம் முடிஞ்ச அப்புறம் கூப்புடாதீங்க, டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கூப்புடுங்க. பட்டா, எஃப்எம்பி, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திர (பழைய மூலப் பத்திர) நகல் நாலும் எடுத்து வைங்க. முடிஞ்சா ஒரு மழை பேஞ்ச மறுநாளா பாத்து கூப்புடுங்க, தண்ணி எங்க நிக்குது எப்படி வடியுதுன்னு அன்னைக்கு தான் சரியா தெரியும்.