கடல்பாசி மானியம்: ஒரு திருத்தம்
"பாசி வளர்க்கிற இளைஞருக்கு முழுச் செலவும் அரசே தரும், எங்கே வேண்டுமானாலும் மிதவை போடலாம்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு அலகுச் செலவில் (ஒரு அலகுக்கு என்று அரசு கணக்கிடும் செலவு) 40 சதவீதம்தான் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. மீதி நம் கைப்பணம், இல்லையென்றால் கடன்.

அப்புறம் இடம். இங்கே வளர்க்கிற கப்பாபைகஸ் பாசி (நம் பக்கம் 'பெப்சி பாசி') வெளிநாட்டு இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேலேயே படர்ந்து மூடியிருக்கிறது. அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பசுமைத் தொழில் என்ற பெயருக்காக அங்கே மிதவை இறக்க முடியாது. 45 நாளில் அறுவடை என்பது சரிதான், ஆனால் காற்றுக் காலத்தில் மிதவை தாங்காது. அதையும் கணக்கில் வைத்துக் கடன் வாங்குங்கள்.