பழைய எஸ்டீமுக்கு ஹெடர்: சத்தத்துக்காகப் போடுவதாக இருந்தால் போடாதீர்கள்

பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கியதும் நம்ம பசங்க கேட்கும் முதல் கேள்வி, "ஹெடர் போட்டா சவுண்ட் எப்படிண்ணே இருக்கும்?" ஹெடர் என்பது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு. என்னைக் கேட்டால், ஒழுங்காக ஹெடர் போட்ட வண்டி கிளம்புவது பக்கத்து வீட்டுக்குத் தெரியவே கூடாது. சத்தம்தான் வேண்டுமென்றால் சைலன்ஸரைக் கழற்றினாலே போதுமே, எதற்கு இவ்வளவு செலவு?

அந்த இடத்தில் கம்பெனி போட்டுத் தரும் மேனிபோல்ட் வார்ப்பிரும்பு. மலிவு, உழைக்கும். ஆனால் நாலு சிலிண்டர் புகையும் குட்டையான வழியில் முட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். ஹெடரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். ஒரு குழாயில் புகை வேகமாகப் போனபின் உண்டாகும் குறைந்த அழுத்தம், அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். குழாயின் நீளமும் விட்டமும் பொருந்தினால்தான் அந்த இழுப்பு கிடைக்கும். குண்டுக் குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, இருக்கிற பிக்கப்பும் போய்விடும்.

ரோட்டு வண்டிக்கு 4-2-1, அதாவது நாலு குழாய் இரண்டாகிப் பிறகு ஒன்றாகும் ஹெடர்தான் சரி. எஸ்டீமின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பெட்ரோல் எரியும் வரிசை, 1-3-4-2. அதில் ஒன்றையும் நாலையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகச் சேர்த்தால், ஜோடிக்குள் புகை சம இடைவெளியில் வரும். நடு ஆர்பிஎம்மில் (இன்ஜின் நடுத்தர வேகத்தில் சுற்றும்போது) இழுவை நன்றாக இருக்கும். நாலு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 உச்ச ஆர்பிஎம்முக்கானது. கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதிப்பவருக்குப் பொருந்தும். அவிநாசி ரோடு சிக்னலில் இரண்டாவது கியரில் ஊர்கிறவருக்கு எதற்கு?

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்குங்கள். கார்புரேட்டர் எஸ்டீம் 65 குதிரைசக்தி, பின்னால் வந்த, பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ 85. அந்த வித்தியாசம் இன்ஜினின் மேல்பகுதியான 16 வால்வு ஹெட்டும் இன்ஜெக்ஷனும் சேர்ந்து கொடுத்தது. ஹெடர் மட்டும் போட்டு அங்கே போய்ச் சேர முடியாது.

உண்மையான வேலை, பழைய மேனிபோல்ட்டைக் கழற்றுவதில் இருக்கிறது. இருபது வருஷ சூட்டில் நட்டும், அது ஏறியிருக்கும் ஸ்டட் கம்பியும் ஒன்றாகவே ஆகியிருக்கும். ஸ்டட் இறங்கியிருக்கும் ஹெட்டோ மிருதுவான அலுமினியம். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட வேண்டும். காலையில் முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், துளி இறுக்கிப் பாருங்கள். 'டிக்' என்று விட்டுக்கொடுத்தால் பிழைத்தீர்கள். நீளமான பைப்பைச் சொருகி எம்பும் மெக்கானிக்கிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்டட் உள்ளே ஒடிந்தால் லேத் பட்டறைக்கு ஹெட்டையே தூக்கிப் போக வேண்டிவரும்.

ஹெடர் ஹெட்டில் உட்காரும் தகடான ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுங்கள். வெல்டிங் சூட்டில் வளைந்த ஃபிளாஞ்சுக்கு எந்த கேஸ்கெட்டும் நிற்காது. எம்பிஎஃப்ஐ வண்டியில் இது இன்னும் வில்லங்கம். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ கூடுதலாக ஊற்றும். அப்புறம் மைலேஜ் போச்சு என்று ஹெடரைத் திட்டிப் பயனில்லை. சென்சாருக்கான துளையே இல்லாமல் வரும் ஹெடர்களும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடும் யோசனைக்கு என் ஓட்டு கிடையாது. புகைச் சோதனை ஒரு பக்கம், பின்னால் வருகிறவர் மூக்கு ஒரு பக்கம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கடிவாளம் போட்டிருக்கிறது. சத்த வரம்பை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அந்தக் காசுக்கு இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளை மாற்றுங்கள். மவுண்ட் தளர்ந்த இன்ஜின் ஆடுகிற ஆட்டத்தில் எவ்வளவு நல்ல ஹெடரும் வெல்டிங்கில் விரிசல் விடும்.